பித்தளையில் ஒட்டாது

படகு வைத்திருப்பவர்கள் பொதுவாக நல்லவர்கள், மேடம். மறதிக்காரர்கள், அவ்வளவுதான். சாவியை மறப்பார்கள், மிதவைச் சட்டையை மறப்பார்கள். ஒருவர் மனைவியையே பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு வந்தார். சரிவில் படகை இறக்கி முடித்த பிறகுதான் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் அந்த அம்மாவுக்குப் போன் செய்து சமாதானம் சொன்னேன். அந்தச் சரிவின் மேலே நின்று இத்தனை வருடம் வேலை பார்த்ததில் மனிதர்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இதுதான்.

நீங்கள் கேட்டது வேறு. எங்கள் ஏரியில் இல்லாத வரிச்சிப்பி உள்ளே எப்படி வந்தது என்று இந்த விசாரணையில் கேட்டீர்கள். சொல்கிறேன். எனக்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னல் திரையை மட்டும் இழுத்துவிட முடியுமா? ஏரி தெரிகிறது. நன்றி.

என் வேலையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேறு ஏரிகளில் ஓடிய எந்தப் படகும் எங்கள் ஏரியில் இறங்கும் முன் என்னிடம் வரவேண்டும். எங்கள் ஏரிப் பாதுகாப்பு அலுவலகத்தின் படகுக்கும் இதே சட்டம்தான். கை பொறுக்காத வெந்நீரால் அடிவயிறு வரை கழுவுவேன். பிறகு படகின் பின்பக்கம், அடியில் இருக்கும் ஓட்டையின் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே தேங்கிய தண்ணீரை வடிப்பேன். கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் அந்தத் தண்ணீரில்தான் ஊர்விட்டு ஊர் போகும். வடிந்ததும் மூடியைப் படகுக்காரர் கையில் கொடுக்கவேண்டும். அவரே போட்டு, அவரே சரிபார்க்கவேண்டும். அதன் பிறகு நான் பச்சை வளையம் மாட்டிவிடுவேன், படகு இறங்கலாம். கட்டைவிரல் அளவு பித்தளை மூடி அது. தொலையாமல் இருக்க அதில் சிவப்பு நூல் கட்டியிருப்போம்.

என்னை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தவர் லென்ஸ் அக்கா. அவர் எங்கள் அலுவலகத்தின் உயிரியல் நிபுணர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும். ரொட்டித் துண்டைக்கூட அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார் என்று கேலி பேசுவோம். நேர்முகத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாயா என்றார். பார்ப்பேன் என்றேன். "இந்த மாதிரி பயந்த ஆளுதான் இந்த வேலைக்கு வேணும்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என் மனைவி இதையே வேறு தொனியில் சொல்வாள்.

வேலையில் சேர்ந்த புதிதில் எங்களை ஒரு ஏரிக்கு அழைத்துப்போனார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. ஆள் உயரத்துக்கும் கீழே கிடந்த ஒரு பழைய சைக்கிள்கூட அப்படியே தெரிந்தது.

"எவ்ளோ சுத்தமா இருக்குக்கா," என்றேன்.

"தெளிஞ்ச தண்ணியப் பாத்தா சந்தோஷப்படாத தம்பி. பயப்படு."

சிப்பிகள் தண்ணீரில் இருப்பதையெல்லாம் வடிகட்டித் தின்றுவிடும் என்று விளக்கினார். மீன்குஞ்சுக்கு ஒன்றும் மிஞ்சாது. கரையில் நடந்தால் ஓடுகள் நொறுங்கின. குடிநீர்க் குழாய் ஒன்றை வெட்டிப் போட்டிருந்தார்கள், உள்ளே ஒரு பென்சிலை நுழைக்க இடமில்லாமல் சிப்பி அடைத்திருந்தது. அந்தச் சைக்கிளை மறுபடியும் பார்த்தேன். சட்டம், சக்கரம், இருக்கை எல்லாம் சிப்பி மூடிக் கிடந்தது, பெல் மட்டும் மொட்டையாக இருந்தது. அது ஏன் என்று கேட்டேன்.

"பித்தளை. அதுல மட்டும் இது ஒட்டாது. செம்பு கலந்த எதுவும் இதுக்கு ஆகாது."

அப்படியானால் ஏரிக்கே பித்தளையில் தகடு அடித்துவிடலாமே என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், ஆனால் அன்று முதல் வீட்டில் குழாயைத் திறந்து தண்ணீர் சற்றே தயங்கி வந்தாலும் குழாயைத் தட்டிப் பார்ப்பேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு, மேடம். அந்த ஏரியை நான் எவ்வளவு கவலையோடு காத்தேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

என் மனைவிக்கு ஒரு தம்பி. அக்காவும் தம்பியும் அப்பா வீட்டுப் பங்கு விஷயத்தில் முகம் பார்க்காமல் பல வருடம் இருந்தார்கள். அந்தக் கோடையில் எப்படியோ ராசியானார்கள். ஏரிக்கரையில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது என்று முடிவானது. என் மனைவி இரண்டு நாளாகப் பாடிக்கொண்டே சமைத்தாள். மச்சினன் புதிதாக வாங்கிய படகை இழுத்துக்கொண்டு வந்தான். அன்று பார்த்து வெந்நீர் மெஷின் சூடேறவில்லை. அது அப்படித்தான், காலையில் மக்கர் பண்ணும், கொஞ்சம் பொறுத்தால் வழிக்கு வரும்.

"அத்தான், நேத்தே வீட்ல கழுவிட்டேன். சோப்பு போட்டு. உங்களுக்கு மேலேயே நான் சுத்தம் பாக்கற ஆளு."

"எந்த ஏரியில ஓட்டின?"

"சும்மா பக்கத்துல. விடுங்க அத்தான், பிள்ளைங்க பசியோட நிக்குது."

என் மனைவி மேலே மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அத்தனை வருடம் கழித்து வந்த சிரிப்பு. படகின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. நேற்று கழுவியிருந்தால் காய்ந்திருக்கும். பச்சை வளையத்தை மாட்டிவிட்டேன்.

சிப்பி எப்படி வந்தது என்பதற்கு இதுதான் பதில். நீங்கள் எழுதிக்கொண்டுவிட்டீர்கள். இத்துடன் நான் எழுந்து போயிருக்கலாம்.

அடுத்த வருடம் இலை உதிரும் சமயத்தில் படகு மேடையின் அடியில் ஒரு கயிறு சிக்கியது. எடுப்பதற்காகத் தூணோரம் தண்ணீருக்குள் கையை விட்டேன். விரலில் ஏதோ கீறியது. குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நகம் அளவில், பழுப்பும் வெள்ளையுமாக வரி போட்டு, ஒரு கொத்து. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ தெரியாது. எழுந்தபோது சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கத்தியால் சுரண்டி எடுத்து, மெஷினைக் கொதிக்க விட்டு அதில் போட்டேன். மறுநாள் இன்னொரு தூணில் பார்த்தேன். அங்கேயும் இருந்தது.

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு நாளும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எந்தப் படகு என்ற கேள்வி வரும். அந்தச் சரிவில் இறங்கிய ஒவ்வொரு படகுக்கும் வளையம் மாட்டியவன் நான். வேலை போகும், வேலையோடு வந்த வீடும் போகும். ஊருக்கே தண்ணீர் தரும் ஏரியைக் கெடுத்தவன் என்று கடைக்குப் போகும் இடத்தில் என் மனைவியைச் சுட்டிக் காட்டுவார்கள். மச்சினன் பெயர் வெளியே வந்தால் அக்காவும் தம்பியும் மறுபடி பிரிவார்கள். இதை எல்லாம் எண்ணிப் பார்த்துச் சொல்வதை மென்று விழுங்கினேன். தினமும் எல்லோருக்கும் முன்னால் போய்த் தூண்களைச் சுரண்டினேன். ஒரு ஆள் கத்தியோடு ஏரியைக் காப்பாற்றிவிட முடியும் என்று உண்மையாகவே நம்பினேன்.

லென்ஸ் அக்காவின் வேலை, ஏரிகளில் மிதவைகளுக்கு அடியில் சின்னப் பலகைகளைக் கட்டித் தொங்கவிடுவது. சில மாதம் கழித்துத் தூக்கி, விரலால் தடவிப் பார்ப்பார். வழவழப்பாக இருந்தால் நிம்மதி. அந்த முறை மேடைக்கு அருகில் இருந்த பலகையைத் தூக்கித் தடவியவர் மறுபடியும் தடவினார். பிறகு என் அறைக்கு வந்து, நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சொரசொரன்னு இருக்கு தம்பி. உப்புத்தாள் மாதிரி."

"பாசியா இருக்கும்க்கா."

"இருக்கலாம். இன்னும் யாருக்கும் சொல்லல. அடுத்த வாரம் வந்து தூரத்துப் பலகைங்களையும் எடுத்துப் பாத்துட்டுத்தான் மேல சொல்லணும்." என்னைப் பார்த்தார். "யாரோ ஒரு படகு கழுவாம வந்திருக்கு. யாரையும் மாட்டிவிடறது என் வேலை இல்ல. ஆனா எப்ப வந்துச்சுன்னு தெரிஞ்சா, எவ்ளோ தூரம் பரவியிருக்கும்னு கணக்கு போட்டு, இந்த மூலைய மட்டும் தண்ணிக்குள்ள திரை கட்டி மருந்து போட்டுடலாம். ஏரி பொழச்சுக்கும். உனக்கு ஏதாவது ஞாபகம் வருதா?"

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"இல்லக்கா," என்றேன்.

"யோசிச்சுப் பாரு," என்றார். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது கதவைத் தட்டினால் மனைவியைத் திறக்கச் சொன்னேன். மனைவி டாக்டரிடம் போகலாம் என்றாள். இதை எல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. அந்த வாரம் என் புத்தி எப்படி வேலை செய்தது என்று நீங்கள் தெரிந்துகொண்டால் மீதி சுலபமாகப் புரியும்.

எனக்கும் அக்காவுக்கும் இடையில் ஒரு வழக்கம் உண்டு. விதிப்படி மூடியை அவர் கையில் நான் கொடுக்கவேண்டும். ஆனால் அவர் மார்பு வரை வரும் ரப்பர் உடையில், படகை இழுத்துவந்த காரின் ஓட்டுநர் இருக்கையில் திணறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இறங்கி ஏறுவது பெரும்பாடு. அதனால் மூடியை நானே திருகிப் போட்டுவிட்டு, படகின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுவேன். மூடி போட்டாச்சு, பின்னால் வரலாம் என்று அதற்கு அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டால் அவர் காரைப் பின்னால் எடுத்துப் படகைச் சரிவில் தண்ணீருக்குள் இறக்குவார். பல வருடப் பழக்கம். வேறு யாருடைய மூடியையும் நான் போட்டதில்லை, வேறு யாரும் என்னை அந்த அளவுக்கு நம்பியதும் இல்லை.

அவர் வந்த அன்று வானம் மூடியிருந்தது, கொஞ்சம் காற்று. சீசன் முடிந்துவிட்டதால் ஏரியில் ஒரு படகும் இல்லை. நான் அலுவலகப் படகை நன்றாகக் கழுவினேன். ஒரு இடம் விடவில்லை. மூடியைக் கழற்றினேன், தண்ணீர் வடிந்தது. மூடி என் கையில் இருந்தது. வெந்நீர் பட்டு வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு படகில் இரண்டு முறை தட்டினேன்.

கார் பின்னால் வந்தது.

படகு மிதந்ததும் கயிற்றைப் பிடித்து மேடையோரம் நிறுத்தினேன். அவர் காரை விட்டுவிட்டு மேடை மேல் நடந்து வரும்வரை நான்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படகின் பின்பக்கம் ஒரு விரற்கடை தணிந்தது. எனக்குத் தெரிந்ததால் தெரிந்தது, மற்றவர் கண்ணுக்குப் படாது. உள்ளே மரத்தளம் போட்ட படகு, தண்ணீர் அதற்கு அடியில்தான் சேரும். தண்ணீரை இறைக்கும் சின்ன மோட்டார் பழுதாகி மாதக் கணக்காகியிருந்தது. அதை மாற்றச் சொல்லி அலுவலகத்துக்கு நானே சொல்லியிருந்தேன்.

"ஏதாவது ஞாபகம் வந்துச்சா தம்பி?"

"இல்லக்கா."

"சரி விடு. மதியம் டீ போட்டு வை, வந்துடறேன்."

கொஞ்ச தூரத்திலேயே கால் நனைந்து, என்னைத் திட்டிக்கொண்டே திரும்பி வருவார், அன்றைய பயணம் கெடும், எனக்கு யோசிக்க இன்னும் ஒரு வாரம் கிடைக்கும் என்று நினைத்தேன். முதல் விசாரணை நடந்த காலத்தில் எனக்குள் நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் படகோடு பழகியவன் நான். படகு ஓடும்போது அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேதான் போகும். நின்றால்தான் உள்ளே வரும். அவர் நிற்கப்போவது ஏரியின் மறுகோடியில், பலகையைத் தூக்குவதற்காக. குனிந்து தூக்க இடைஞ்சல் என்று மிதவைச் சட்டையைக் கழற்றி இருக்கையில் மாட்டிவிடுவார். ரப்பர் உடைக்குள் தண்ணீர் புகுந்தால் ஆளைக் கீழே இழுக்கும். இதை எல்லாம் நான் அறிவேன். அந்த ரப்பர் உடை ஆபத்து என்று அவரிடம் பல முறை சொல்லியிருக்கிறேன்.

படகு சின்னதாகத் தெரிய ஆரம்பித்ததும் பைக்குள் இருந்த மூடி எனக்குக் கனத்தது. மேடையின் நுனிக்குப் போய் அதைத் தண்ணீரில் போட்டேன். அப்போது எங்கள் ஏரி பச்சைப்பசேல் என்று கலங்கலாக இருக்கும், மேடம், கை விட்டால் மணிக்கட்டு தெரியாது. போட்ட உடனே மறைந்துவிட்டது. அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியை மறைக்க விரும்பவில்லை.

அறையில் ஒரு தொலைநோக்கி உண்டு. அதில் பார்த்தேன். படகு தூரத்து மிதவையில் நின்றது. அவர் குனிந்து கயிற்றை இழுத்தார். இழுத்துக்கொண்டிருக்கும்போதே படகின் முன்பக்கம் மேலே எழும்பியது. நிமிர்ந்து, கரையை நோக்கி ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். நானும் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. அந்தத் தூரத்தில் அவருக்கு அது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

எங்கள் நிலையத்தில் படகு கிடையாது. படகு கழுவுகிறவனுக்குப் படகு எதற்கு என்று கொடுக்கவில்லை. மதியத்துக்கு டீ போட்டேன். அது ஆறிய பிறகு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன்.

அவர்கள் மீட்புப் படகோடு வேகமாகத்தான் வந்தார்கள். படகின் ஓரத்தில் பாசி தொங்கியது. எங்கே ஓடியது என்று கேட்டேன். முந்தின நாள் வேறு ஏரியில் பயிற்சி என்றார்கள். அப்படியானால் கழுவாமல் இறக்க முடியாது என்றேன்.

"யோவ், உள்ள ஒரு ஆளு கிடக்குது," என்றார் அவர்களில் மூத்தவர்.

"புரியுது. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்."

சட்டையைப் பிடித்தார்கள். நான் நகரவில்லை. அவர்கள் படகையும் கழுவினேன், மூடியைக் கழற்றி வடித்தேன், அதை மூத்தவர் கையில் கொடுத்தேன், அவர் போட்டதைப் பார்த்த பிறகுதான் வளையம் மாட்டினேன். பிறகு இதைப் பற்றிப் பெரிய சர்ச்சை ஆனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் அலுவலகம் என் பக்கம் நின்றது. எந்த நெருக்கடியிலும் தளராத ஊழியர் என்று கூட்டத்தில் எனக்குக் கை தட்டினார்கள். என் மனைவி முன்வரிசையில் இருந்தாள்.

படகையும் அக்காவின் உடலையும் மேலே எடுத்தபோது மூடி இல்லை. முதல் விசாரணையில் மறதி என்று முடிவு செய்தார்கள். படகுக்காரர்களுக்குச் சகஜம்தானே. லென்ஸ் அக்காவுக்கு மறதி என்பதை அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை, ஆனாலும் வேறு என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் எடுத்த பலகைகள் கிடைக்கவில்லை. சொரசொரப்பைப் பற்றி அவர் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அவர் இடத்துக்கு ஆள் போட நெடுநாள் ஆனது. அதுவரை நான் ஒருவனாகத் தூண்களைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மச்சினன் படகு வந்ததிலிருந்து மூன்றாவது கோடையில் மக்கள் பேச ஆரம்பித்தார்கள், ஏரி இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்று. குளிக்க வந்தவர்கள் என்னைத் தேடி வந்து பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டுக்குப் பிறகும் நான் போய்த் தூணடியைப் பார்த்தேன். மேடையின் முதல் தூணின் அடி தெரிந்தது. பிறகு அடுத்த தூண். ஒவ்வொரு வாரமும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் தெளிந்து விலகிக் கொடுத்தது. நான் மேடையின் நுனிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அங்கே யாராவது நின்று குனிந்து பார்த்தால், கைப்பிடி ஆடுகிறது, விழுந்துவிடுவீர்கள் என்று விரட்டினேன்.

இன்று காலை உங்களைப் பார்க்க வரும் முன் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. படுத்துத் தலையை நீட்டிப் பார்த்தேன். அடித்தரை முழுக்கத் தெரிந்தது. கல் எல்லாம் சிப்பி, நங்கூரச் சங்கிலி எல்லாம் சிப்பி, யாரோ போட்ட பாட்டில் கண்டுபிடிக்க முடியாதபடி சிப்பி. நடுவில், கை நீட்டினால் எடுத்துவிடலாம் போல, மூடி மட்டும் மொட்டையாகக் கிடந்தது. அதில் ஒன்றுகூட ஒட்டவில்லை. அக்கா சொன்னது சரிதான். இறங்கி எடுக்கலாம் என்று சட்டையைக் கழற்றினேன். தண்ணீருக்குள் கால் வைக்கப் பயமாக இருந்தது, மேடம். அவ்வளவு தெளிவான தண்ணீர். மறுபடி சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

நாளை உங்கள் முக்குளிப்பவர்கள் மேடையிலிருந்துதான் தொடங்கப்போகிறார்கள் என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் தேடவே வேண்டாம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மச்சினன் படகைக் கழுவாமல் விட்டது நான். மூடியைக் கழற்றியது நான். அதைப் போடாமல், படகில் இரண்டு முறை தட்டியது நான். அவர் கை ஆட்டியதைப் பார்த்தும் டீ போட்டது நான். மீட்புப் படகைக் கழுவியது ஏரிக்காக இல்லை, அவர் உயிரோடு வந்துவிடக்கூடாது என்பதற்காக. மறைக்க இனி ஒன்றும் இல்லை.

எழுதிவிட்டீர்களா? ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். விதிப்படி, படகை இறக்குவதற்கு முன் மூடி இருக்கிறதா என்று பார்க்கவேண்டியது படகை ஓட்டுகிறவர்தான்.